அனைவரும் நலமுடன் நிலையம் திரும்பினர்

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. வீதியில் கணுக்கால் தண்ணீர். தபால்காரர் கொடுத்த கவர் முழுக்க ஈரம். மல்லிகா அதை இட்லிப் பானை மூடிமேல் வைத்துக் காயவைத்தாள். அரசாங்கக் கடிதத்துக்கு அந்த மரியாதை போதும்.

விசாரணை 18ஆம் தேதி, காலை 11, கடலூர் ஆபீஸ். ‘மனுதாரர்கள் இருவரும் அசல் ஆவணங்களுடன் தவறாது ஆஜராகவும்.’ மூன்று வருஷமாக பதில் போடத் தவறியவர்கள் எங்களைத் தவறக் கூடாது என்கிறார்கள்.

வக்கீல் இல்லை. நானே பேச வேண்டும். சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசினால் இருமல். அதனால் சுருக்கிப் பழக வேண்டும். முதல் ஒத்திகை:

“ஐயா, என் பெயர் கலியபெருமாள். ஓய்வுபெற்ற முன்னணித் தீயணைப்பாளர். பதினோரு வருஷத்துக்கு முன் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வாயு கசிந்தது. எங்கள் வண்டிதான் முதலில் போனது. நானும் சிங்காரவேலுவும் உள்ளே போய் மூன்று கூலியாட்களைத் தூக்கி வந்தோம். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நெஞ்சு கெட்டது. மனு போட்டபோது உயிரோடிருந்த சிங்காரவேலு போன வருஷம் ஆடியில் செத்துப்போனான், இப்போது அவன் இடத்தில் அவன் மனைவி அஞ்சலாட்சி. இது வேலையால் வந்த நோய் என்று ஒத்துக்கொண்டு அதற்குள்ள நஷ்டஈட்டைக் கொடுங்கள்.”

எட்டு வாக்கியம். ஆறாவதில் இருமல். மல்லிகா உள்ளேயிருந்து, “யார்கிட்ட பேசுறீங்க?”

“செவுத்துகிட்ட.”

“அது பதில் சொல்லுச்சுன்னா என்னையும் கூப்புடுங்க.”

எடுத்துப்போக வேண்டியவை: பணிப் பதிவேட்டு நகல். ஓய்வு ஆணை. எக்ஸ்ரே (பெரிய கவர், மடிக்கக் கூடாது). ஆதார் ஜெராக்ஸ். டாக்டர் சான்று, இன்னும் வாங்கவில்லை. தண்ணீர் பாட்டில். பஃப் அடிக்கும் மருந்து.

மாப்பிள்ளை போனில்: “மாமா, அதான் பென்ஷன் வருதே. எதுக்கு ஜாஸ்தி அலையுறீங்க, ஒடம்பப் பாருங்க.” உடம்புக்காகத்தான் அலைகிறேன் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார். நல்ல மனிதர். எனக்குப் பிடிக்காது.

நவம்பர் 6, வியாழன்

தூறல். தெற்கு வீதி மார்பு டாக்டர். டோக்கன் 27. இரண்டரை மணி நேரம். எதிரில் ஒரு குழந்தை, நான் இருமும்போதெல்லாம் அதேபோல் இருமிக் காட்டியது. அதன் அம்மா சிரித்தாள்.

ஊதுகிற டெஸ்ட். மூக்குக்கு கிளிப் போட்டு, வாயில் குழாயை வைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் ஊதித் தள்ள வேண்டும். டெஸ்ட் எடுக்கிற பெண் மைதானத்தில் நிற்பது மாதிரி கத்துகிறாள். “ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, அய்யோ தாத்தா, விட்டுட்டீங்களே!” மூன்று தடவை. மூன்று தடவையும் தாத்தா. எனக்கு அறுபத்தொன்று.

டாக்டர்: “பீடி, சிகரெட்டு?”

“கெடையாது.”

“வயசுல எப்பவாச்சும்?”

“கெடையாது சார்.”

“வெறவு அடுப்புப் பக்கம்?”

“முப்பத்தோரு வருஷம் நெருப்ப அணைச்சேன். பத்தவைக்கல.”

சிரிப்பார் என்று நினைத்தேன். இல்லை. ‘வேதிப் புகையைச் சுவாசித்ததால் ஏற்பட்டிருக்கலாம்’ என்று எழுதினார். அந்த ‘லாம்’ வேண்டாமே என்றேன். “நான் அங்க இல்லியே பெரியவரே. பாக்காதத எப்படி எழுதுறது?” நியாயம். நியாயமாகப் பேசுகிறவனைக் கண்டால் இப்போதெல்லாம் கை பரபரக்கிறது.

பஸ் ஸ்டாண்டு டீக்கடை. பக்கத்து பெஞ்சில் ஒருத்தன்: “வூட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சுன்னு ஃபயருக்குப் போன் பண்ணா, பாம்பு வந்தா சொல்லுங்கன்றான் மச்சான்.” இன்னொருத்தன்: “சும்மா ஒக்காந்து சம்பளம் வாங்கற கூட்டம்.” டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். சர்க்கரை வேறு ஜாஸ்தி.

நவம்பர் 7, வெள்ளி

மழை விட்டிருந்தது. கடலூர். பஸ்ஸில் ஆலப்பாக்கம் வரை நின்றுகொண்டே. ஒரு காலேஜ் பையன் எழுந்து இடம் கொடுத்தான். அதற்கும் எரிச்சல்தான் வந்தது.

ஆபீஸில் பிரிவு கிளார்க் அம்மா. சாப்பிட்ட டப்பாவை மூடிக்கொண்டே ஃபைலை என் பக்கம் திருப்பினார். வாயு கசிந்த நாளின் தீ அறிக்கை. புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், செலவான தண்ணீர். கடைசி வரி: ‘பணி முடித்து வீரர்கள் அனைவரும் நலமுடன் நிலையம் திரும்பினர்.’ கீழே அன்றைய நிலைய ஆபீசர் கையெழுத்து.

“நல்லாருக்கோம்னு நீங்களேதான எழுதிக் குடுத்திருக்கீங்க ஐயா. அப்பறம் என்னா பண்றது?”

அவரே மேலே சொன்னார். “உங்களுக்காச்சும் டாக்டரு பேப்பரு இருக்கு. அப்பறமா வந்துச்சுன்னு எதாச்சும் எழுதித் தள்ளலாம். எறந்தவருக்கு ஒரு டெஸ்ட்டும் இல்ல, நாட்டு மருந்து சாப்ட்டிருக்காரு. அன்னிக்கு என்னா ஆச்சுங்கறதுதான் அவருக்கு எல்லாம். அன்னிக்கு நலம்னு இருக்கு. இது நிக்கிற வரைக்கும் அந்தம்மா மனு நிக்காது.”

“யாரும்மா எழுதுனது இத?” என்று கேட்டேன்.

“ஆபீசர் கையெழுத்து இருக்குதே. கீழ எழுதுனவரு யாரோ. அந்தம்மாவுக்கும் ஒரு காப்பி தபால்ல போயிருக்கு.”

யாரோ.

நான் கேட்டேன் பார், யார் எழுதியது என்று. பார்த்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. ‘பணி’யில் ‘ணி’யின் கொக்கியை அடுத்த எழுத்தின் தலைமேல் குடை மாதிரி இழுத்து விடுகிற ஆள் அந்த நிலையத்தில் ஒருத்தன்தான். வாத்தியாரிடம் அடி வாங்கியும் திருந்தாத கொக்கி. என் கொக்கி.

பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. வழியெல்லாம் வயல் தண்ணீர். எதையும் பார்க்கவில்லை.

நவம்பர் 8, சனி

இருமல். காலையில் சளியில் பழுப்பு. மல்லிகாவிடம் சொல்லவில்லை.

அந்த வரியைப் பற்றி எழுதிவிடுகிறேன், இங்கேயாவது.

எல்லா அறிக்கையும் அந்த வரியில்தான் முடியும். புதிதாக வந்தவனுக்கு முதலில் அதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள், குழாய் சுருட்டுவதெல்லாம் அப்புறம். வண்டி நிலையத்துக்குள் வந்து என்ஜினை அணைப்பதற்குள் எழுதி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எழுதாமல் விட்டால் அடுத்த அழைப்பு மோசமாக இருக்கும் என்று ஒரு பேச்சு. எழுதாவிட்டால் மேலிடத்திலிருந்து பத்துக் கேள்வி வரும் என்பது நிஜம். கிணற்றில் மாடு தூக்கப் போய் விரல் நசுங்கினவனுக்கும் நலம் போட்டிருக்கிறேன். பாம்பு பிடிக்கப் போய் கடி வாங்கினவனுக்கும், அவனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து, நலம். விஷமில்லாத பாம்பு. அது அப்புறம்தான் தெரிந்தது.

அன்றைக்கு மதியம் மூன்று மணி. திரும்பி வந்ததும் சிங்காரவேலு வண்டிக்குப் பின்னால் குந்தி வாந்தி எடுத்தான். தொட்டித் தண்ணீரில் கண்ணைக் கழுவிக் கழுவி சிவந்துபோனது. பிளீச்சிங் பவுடர் மூட்டைக்குள் தலையை விட்டு எடுத்த மாதிரி இருந்தது எனக்கு. ஆபீசர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார், “கலியபெருமாள், ரிப்போர்ட்ட முடிச்சுடு, நாலு மணிக்கு அனுப்பணும்.” உட்கார்ந்தேன். எழுதினேன். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து கேட்டான், “என்னா மச்சான் எழுதுன?”

“எப்பவும் எழுதுறதுதான்.”

“அப்ப நல்லாதான் இருக்கறேன்” என்று சிரித்துவிட்டு மறுபடியும் வாந்தி எடுக்கப் போனான்.

பழக்கம். அவ்வளவுதான். கை தானாக எழுதியது.

நவம்பர் 10, திங்கள்

வெயில். கொடியில் துணி. பத்து மணிக்கு அஞ்சலாட்சி வந்துவிட்டாள், கடலூரிலிருந்து, சொல்லாமல். துறைமுகத்தில் மீன் விற்கிறவள், ஏலத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கையில் நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம், மறு கையில் அந்த நகல். மகள் படித்துக் காட்டியிருக்கிறது.

“அண்ணே, இத எந்த நாசமாப் போனவன் எழுதுனான்?”

மல்லிகா நகலை வாங்கினாள். கண்ணாடி போட்டுப் படித்தாள். ‘பணி’ வந்ததும் கண் அங்கேயே நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். “டீ போடுறேன்” என்று உள்ளே போய்விட்டாள்.

“நலமாம்ல! அன்னிக்கு வூட்டுக்கு வந்த மனுஷன் மூணு நாளு சோறு தொடல. கண்ணத் தொறக்க முடியல. நீங்களும்தான பாத்தீங்க? எவன் ஃபேனுக்கு அடில ஒக்காந்துகிட்டு எழுதுனானோ, அவன் கையி அழுவிப் போவ. அவனுக்கு நெஞ்சு அடைக்க.”

நெஞ்சு ஏற்கெனவே அடைத்துத்தான் இருக்கிறது. சொல்லவில்லை.

“நீங்கதான் அண்ணே கண்டுபுடிக்கணும். பதினெட்டாந்தேதி அந்த ஆள அங்க இட்டாந்து நிறுத்துங்க. நான் மூஞ்சிய ஒருதரம் பாக்கறேன்.”

“பாப்போம்மா” என்றேன்.

டீயைக் குடித்துவிட்டுப் போனாள். தெருமுனையில் திரும்பிப் பார்த்து, “கருவாட்ட வெயில்ல ஒரு தடவ காட்டுங்கண்ணி” என்று மல்லிகாவிடம் கத்திவிட்டுப் போனாள்.

மல்லிகா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, “ணி போடுற லட்சணம்” என்றாள். கருவாட்டை வறுக்கவில்லை.

நவம்பர் 12, புதன்

மறுபடியும் மழை. செம்மண்டலம். பழைய ஆபீசர் வீடு. கேட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’. ஒரு நாயும் இல்லை. மனிதர் பத்து வருஷத்துக்கு முன் இருந்ததைவிட சிவப்பாக, உருண்டையாக இருக்கிறார். அவர் அன்றைக்குக் கம்பெனி வாசலிலேயே நின்றார். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது.

கேட்டது: அன்றைக்கு நாங்கள் இருவரும் உடம்பு சரியில்லாமல்தான் திரும்பினோம் என்று ஒரு வாக்குமூலம், ஒரு பக்கம், ஒரு கையெழுத்து.

“என்னப்பா நீ. எழுதுனது நீ. நீ எழுதுனத நம்பி நான் கையெழுத்துப் போட்டேன். இப்ப நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு நானே சொல்லணுமா?”

“அன்னிக்கு அவன் வாந்தி எடுத்தத நீங்களும் பாத்தீங்க சார்.”

“எனக்கு ஞாபகம் இல்ல. அங்கயும் அதத்தான் சொல்லுவேன்.” குரலை இறக்கினார். “ஒன் நல்லதுக்குச் சொல்றேன். எழுதுனது யாருன்னு தெரியாதுன்னு சொல்லிடு. எழுதுனவன் பேரே அதுல இல்ல. ஒங்கிட்ட டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்கு. பின்னாடி வந்த வியாதின்னு ஒன்னுது பாஸ் ஆயிடும். நான்தான் எழுதுனேன், பொய்யின்னு நீ சொன்னீன்னா, தனக்குத்தானே நலம்னு சான்று குடுத்தவனுக்கு எவன் குடுப்பான்?”

“அஞ்சலாட்சிது?”

“அது வேற கேசு.”

அவர் மனைவி பஜ்ஜி கொண்டுவந்து வைத்தார். சூடாக, வெங்காயம். சாப்பிட்டேன். நாலு. அதற்கும் என்மேல் கோபம்.

ஆக, கணக்கு தெளிவு. வாயை மூடிக்கொண்டால் என் மனு பிழைக்கும், அவள் மனு சாகும். வாயைத் திறந்தால் என் மனு சாகும், அவள் மனுவுக்கு மூச்சு வரும். அந்த ஆள் பதினோரு வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு தெளிவாக ஒரு உத்தரவு போட்டதில்லை.

நவம்பர் 13, வியாழன்

கோபம் வருகிறவர்கள், வரிசையில்லாமல்:

ப. ஆபீசர். பஜ்ஜி.
மாப்பிள்ளை.
டாக்டர், அந்த ‘லாம்’.
தாத்தா என்று கூப்பிட்ட பெண்.
கம்பெனிக்காரன். கசிந்தது என்ன வாயு என்று இன்றுவரை சொல்லாதவன். போன மாசம் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு வாங்கிக் கொடுத்திருக்கிறான், பெயர் எழுதி.
எதிர்வீட்டு மிக்சி.
சிங்காரவேலு. டெஸ்ட் எடுடா, எடுடா என்று எத்தனை தடவை சொன்னேன். “எடுத்தா கண்டுபுடிச்சுடுவாங்க மச்சான்” என்று சிரிப்பான். செத்துவிட்டு எல்லாவற்றையும் என் தலையில் போட்டுவிட்டான்.

இன்னும் ஒரு ஆள் பாக்கி. எழுதவில்லை.

நவம்பர் 15, சனி

மேகமூட்டம். மின்சாரம் இல்லை. பஃப் மருந்து தீர்ந்தது, வாங்க வேண்டும்.

எட்டாம் தேதி ‘பழக்கம், அவ்வளவுதான், கை தானாக எழுதியது’ என்று எழுதியிருக்கிறேன். இப்போது படித்தேன். முக்கால் உண்மை. என் சொந்த நோட்டில்கூட நலம் போட்டிருக்கிறேன்.

மீதிக் கால்:

நிலையத்தில் முதுகில் மாட்டும் காற்று சிலிண்டர் இரண்டு, முகமூடியோடு. அதில் ஒன்று காலி. நிரப்புவதற்குச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். கடிதம் எழுதி, கையெழுத்து வாங்கி, வண்டியில் ஏற்றிவிட வேண்டியது என் பொறுப்பு. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். காரணம் ஒன்றுமில்லை, சோம்பல். மகள் கல்யாண வேலை வேறு. வாராவாரம் பதிவேட்டில் ‘இரண்டும் காற்று நிறைவு’ என்று எழுதியதும் நான்தான்.

அன்றைக்கு கம்பெனி வாசலில் ஒரே ஒரு சிலிண்டர். முன்னணி ஆள் என்று நான் மாட்டிக்கொண்டேன். சிங்காரவேலு கழுத்துத் துண்டை நனைத்து மூக்கில் கட்டினான். “நீ முன்னாடி போ மச்சான், நான் ஒம் பெல்ட்டப் புடிச்சுக்கறேன்.” முதல் இரண்டு ஆளைத் தூக்கும்வரை எனக்குக் காற்று இருந்தது. மூன்றாவது ஆளுக்கு என் சிலிண்டரும் தீர்ந்து முகமூடியைக் கழற்றினேன். எனக்கு நெஞ்சு கெட்டது அந்த ஐந்து நிமிஷத்தில். அவன் முதல் நிமிஷத்திலிருந்து குடித்தான்.

காயம், மயக்கம், வாந்தி என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் விசாரணை வந்திருக்கும். இரண்டாவது சிலிண்டர் எங்கே என்று கேட்டிருப்பார்கள். பதிவேடு வெளியே வந்திருக்கும். கை தானாக எழுதவில்லை. யோசித்து எழுதியது.

ஆகவே பதின்மூன்றாம் தேதி பட்டியலில் கடைசி ஆள், நான்.

நவம்பர் 17, திங்கள்

மழை இல்லை. புழுக்கம். மல்லிகா வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். சிலிண்டர் விஷயத்தை நேற்று அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “நம்ம பொண்ணு கல்யாணத்துல அந்த மனுஷன் பந்தி பரிமாறுனாரு, இருமிகிட்டே” என்றாள். அவ்வளவுதான்.

இன்றைக்கு: “நாளைக்கு என்னா சொல்லப் போறீங்க?”

“தெரியல.”

“ஒங்க மனு போனா போவுது. மருந்துக்கு நான் எதாச்சும் பாக்கறேன். ஆனா வந்து எங்கிட்ட மூஞ்சத் தூக்கி வச்சுக்கக் கூடாது.”

சட்டைப் பையில் பேனா வைத்தாள். எடுத்துவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

கடலூர். பதினொன்றுக்குக் கூப்பிட்டது பன்னிரண்டே காலுக்கு. சின்ன அறை, ஏ.சி. ஓடியதால் இருமல் நிற்கவில்லை. விசாரணை அலுவலர் என் மகள் வயது. பொறுமையான பெண். ப. ஆபீசர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அஞ்சலாட்சி எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி, மடியில் மஞ்சள் பை. நான் போனதும் மெல்ல, “கண்டுபுடிச்சீங்களா அண்ணே?” என்றாள்.

முதலில் ப. ஆபீசர். “அன்னிக்கு உங்க ஆளுங்க எப்படித் திரும்பி வந்தாங்க?”

“நாளாயிடுச்சும்மா. ஞாபகம் இல்ல. ரிப்போர்ட்ல என்னா இருக்கோ அதான்.”

அலுவலர் கடைசி வரியை வாய்விட்டுப் படித்தார். என்னைப் பார்த்தார். “இது யாரு எழுதுனதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

பழகி வைத்த எட்டு வாக்கியமும் எங்கே போனதென்று தெரியவில்லை.

“நான்தாங்க எழுதுனேன்.”

ப. ஆபீசர் தொண்டையைச் செருமினார். மஞ்சள் பை சரசரத்தது. அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“எழுதுனது உண்மையா?”

“பொய்.”

“தெரிஞ்சே எழுதுனீங்களா?”

“தெரிஞ்சேதான். ரெண்டு பேருமே நல்லா இல்ல. அவன் எங்கண்ணு முன்னாடி வாந்தி எடுத்துகிட்டு இருந்தான். அதப் பாத்துகிட்டேதான் எழுதுனேன்.”

“ஏன்?”

வழக்கம் அம்மா, எல்லா அறிக்கையிலும் எழுதுவது என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அந்தப் பெண் அதோடு விட்டிருக்கும், தலையாட்டக்கூடத் தயாராக இருந்தது. சிலிண்டரைச் சொன்னேன். பதிவேட்டைச் சொன்னேன். துண்டைச் சொன்னேன். நடுவில் இரண்டு தடவை இருமல், இரண்டு தடவையும் தண்ணீர் கொடுத்தார்கள்.

தட்டச்சு செய்து படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். அலுவலர் சொன்னது, நினைவில் உள்ளவரை: “உங்க மனுவ நான் பரிந்துரைக்க முடியாதுங்க. நலம்னு நீங்களே சான்று குடுத்திருக்கீங்க, கருவிக்கும் நீங்கதான் பொறுப்பு. எறந்தவர் எதையும் எழுதல. அவர் மனுவ மருத்துவக் குழுவுக்கு அனுப்பறேன். உங்க வாக்குமூலம் அதுல சேரும். உங்க மேல துறை நடவடிக்கை எடுக்கறதும் எடுக்காததும் என் கையில இல்ல.”

தாழ்வாரத்தில் அஞ்சலாட்சி தூணோரம் நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

“செவப்புத் துண்டா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா.”

“அத நான்தான் தொவச்சேன். எட்டு நாளு தொவச்சும் அந்த வாட போவல. மீனு கழுவற கையிதான எனக்கு, எனக்கே கொமட்டுச்சு. என்னாங்க வாடன்னு கேட்டா, ஒன்னுமில்ல புள்ள, வேலையில பட்டதுன்னுட்டாரு.”

பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினாள். நான் பின்னாலேயே இறங்கவில்லை. அவள் ஏறின ஷேர் ஆட்டோ போகும்வரை நின்றேன். ப. ஆபீசர் தன் காரில் சிதம்பரம் ரோடு வரை விடுகிறேன் என்றார். போய்யா என்றேன். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை ‘யா’.

நவம்பர் 19, புதன்

காய்ச்சல். 101. மழை வலுத்திருக்கிறது. மல்லிகா கஞ்சி வைத்தாள்.

மாப்பிள்ளை: “யாரும் கேக்காததுக்கெல்லாம் எதுக்கு மாமா பதில் சொன்னீங்க? வாயத் தொறக்காம இருந்திருந்தா வந்திருக்கும்ல?” வந்திருக்கும். ஆமாம் மாப்பிள்ளை, வந்திருக்கும்.

சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று எவன் கண்டுபிடித்தது? ஆகவில்லை. அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வந்தது இன்றைக்கு நாள் முழுக்க இடுப்பில் உறைக்கிறது.

அஞ்சலாட்சிக்கு இரண்டு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

காய்ச்சல் 99. எதிர்வீட்டு மிக்சி. போன் எடுக்கவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

வெயில் வந்துவிட்டது. மொட்டை மாடியில் போர்வை காயப்போட்டோம். மல்லிகா இரண்டு படிக்கு ஒரு தடவை நின்று நின்று ஏறச் சொன்னாள். நின்றேன்.

மாலை நாலே முக்காலுக்குப் போன். அஞ்சலாட்சி நம்பர். பின்னால் மீன் மார்க்கெட் சத்தம், யாரோ ஏலம் கூவுகிறார்கள்.

“கலியபெருமாள் சாருங்களா?”

மகளாக இருக்கும் என்று நினைத்தேன். “யாரும்மா?”

“அஞ்சலாட்சி பேசறேன் சார்.”

கல்யாணமாகி குப்பத்துக்கு வந்த நாளிலிருந்து அண்ணே. பிள்ளைகளுக்குக் காது குத்த என் மடியைத்தான் கேட்டாள். இப்போது இரண்டு தடவை சார்.

“ஆபீஸ்லருந்து போன் வந்துச்சு சார். இருபத்தெட்டாந்தேதி சென்னையில டாக்டருங்க விசாரிப்பாங்களாம். அன்னிக்கு உள்ள போனவங்கள்ல இருக்கறது நீங்க ஒருத்தருதானாம், நேர்ல வந்து சொன்னாத்தான் செல்லுமாம்.”

“வரேம்மா. நான் கூட்டிட்டுப் போறேன் ஒன்ன, ரயில்ல—”

“நான் எம் பொண்ணோட வந்துக்கறேன். நீங்க தனியா வாங்க சார்.” ஏலக் குரல் உயர்ந்தது. அவள் போனை வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூச்சு வாங்குவது கேட்டதோ என்னவோ. “அதுக்குள்ள செத்துகித்துப் போயிடாதீங்க சார்.”

சரிம்மா என்றேன். ஆறு மணிக்குச் சாயந்திர மாத்திரையைப் போட்டேன்.